வேலியோரம் ஒரு தட்டைக்கட்டு

மதினிக்கு,

சண்டைக்குப் பிறகு உங்கள் நம்பரைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். அதனால்தான் மாடு வளர்க்காத டெய்லர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் செவலைப் பசுவுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் கட்டி. சங்கரன்கோவிலிலிருந்து வந்த டாக்டரம்மா கட்டியின் பொருக்கையும் இரத்தத்தையும் டெஸ்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். "தோல் கழலை நோய் மாதிரிதாம்மா தெரியுது, மாட்டுக்கு மாடு பரவும். ரிசல்ட் வரட்டும். அதுவர மாடு வச்சிருக்கவங்க யாரையும் இங்கன விடாதீங்க" என்றார்.

இன்று காலையில் பார்த்தால் வேலியோரம் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டை ஒரு கட்டு. அந்த முடிச்சு யார் போட்டதென்று எனக்குத் தெரியாதா? குளித்து, சேலையைத் துவைத்துப் போட்ட பிறகே உங்கள் சினைப்பசுவைத் தொடுங்கள்.

ரிசல்ட் வந்து, இனிப் பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லும்வரை இந்தப் பக்கமே வராதீர்கள். அதற்குப் பிறகும் வீட்டுக்குள் வராமல் வேலியோடு திரும்பிப் போனால், மறுபடியும் சண்டை போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்தான்