நீலக் கதவும் நனைந்த பையும்

மார்ச் 3
மேல் வீட்டு நர்ஸ் வந்திருந்தார். மனைவி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்: “அப்ப பச்சைக் கதவு வெச்ச வீட்டுல—”
“நீலக் கதவு,” என்றேன்.
“அப்ப நீங்களே சொல்லுங்க.” எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் என்ன பொய்யா சொன்னேன்?

மார்ச் 4
நீலம்தான்.

மார்ச் 9
இப்போதெல்லாம் மனைவி வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி. வாயே திறப்பதில்லை. மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா என்ன கோர்ட்லயா சாட்சி சொல்றாங்க? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்கப்பா.”
எழுத்து தெரியாமல் லாரி ஓட்டியவன் நான். இதைக்கூட நான் பேச, போன்தான் எழுதிக்கொள்கிறது. பலகை படிக்கத் தெரியாதவனுக்கு ஒவ்வொரு திருப்பமும், மரமும், பாலமும் தலையில் இருந்தாக வேண்டும். ஒன்று மறந்தாலும் பிழைப்பு போச்சு. அந்தத் தலையை வீட்டுக்கு வெளியே கழற்றி வைக்க முடியுமா? மனைவி இப்படியே ஊமையாகிவிட்டால் என்ன செய்வேன்?

மார்ச் 15
மனைவி தன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நாள் தப்பு, ஆள் தப்பு. நாக்கு துடித்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, குழாயிடம் சொன்னேன்: “ஞாயிறு இல்ல, திங்கள்.”

மார்ச் 22
முடியவில்லை. மறுபடி குறுக்கே பேசிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்தாள்.

ஏப்ரல் 6
நர்ஸ் வந்தார். மழையைப் பற்றிப் பேச்சு தொடங்கியது. “மக சின்னப் பிள்ளையா இருந்தப்ப, இவர் லோடு ஏத்திட்டுப் போயிருந்த நேரம், வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி,” என்றாள் மனைவி. முட்டளவு இல்லை, கணுக்கால்; திரும்பி வந்து சுவரில் ஈரக் கோட்டைப் பார்த்தவன் நான். பல்லைக் கடித்தேன். என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். காத்திருந்தாள். நான் பேசவில்லை.
“பிள்ளையத் தையல் மெஷின் மேல உக்கார வெச்சுட்டு யோசிச்சேன். இந்த மனுஷன் கூட இனி வாழ முடியாதுன்னு பையக் கட்டிட்டேன்.”
ஐயோ. இது எனக்குத் தெரியாதே.
“அப்புறம் ஏன் போகல?” என்று கேட்டார் நர்ஸ்.
“பை நனைஞ்சிருச்சு. காயறதுக்குள்ள லாரிச் சத்தம் கேட்டுச்சு.”
நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் போன பிறகு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
“எங்க போறதா இருந்த?” என்று கேட்டேன்.
உள்ளே போகக் கிளம்பியவள் திரும்பி வந்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.