மறுபாதியை யாருக்குக் கொடுத்தாய்?

புத்தகத்தை நடுவில் வெட்டியிருக்கிறாய். முதுகில் பிளேடு ஓடிய இடத்தில் காய்ந்த பசை உதிர்கிறது. தாளில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் மருந்தின் வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு பாதிகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். வெட்டியதில் எனக்குக் கோபம் இல்லை. மறுபாதியை யாரோடு வாசித்தாய் என்பதில்தான் வயிறு எரிகிறது.

அது நம் இருவருக்கும் மட்டுமேயான வழக்கம் இல்லையா? கோச்சடையில் பஸ் ஏறி, பெரியார் நிலையத்தில் மாறி, நாம் வேலை பார்த்த ஒத்தக்கடைக் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆயுள் போய்விடுகிறது என்று அலுத்துக்கொள்வாய். அந்தப் பயணத்துக்காகத்தான் வசுதா துப்பறியும் நாவல்களை வாங்க ஆரம்பித்தோம். நான் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுகிறவள். இரண்டு தடவை பொறுத்துப் பார்த்தாய். மூன்றாவது புத்தகத்தை ஆபீஸ் பிளேடால் இரண்டாக்கி, பின்பாதியை உன் கைப்பையில் போட்டுக்கொண்டாய்.

"உன்ன நம்ப முடியாதுடி. முன்பாதிய ரெண்டு பேரும் முடிப்போம். இத பஸ்ஸுல சேர்ந்துதான் வாசிக்கணும்."

அன்றிலிருந்து எல்லாப் புத்தகத்தையும் அப்படித்தான் வாசித்தோம். குற்றவாளி யார் என்று பந்தயம் கட்டுவோம். ஜெயித்தவளுக்கு ஒரு மாதம் ஜன்னல் சீட். பெரும்பாலும் நீதான் ஜெயிப்பாய். ஆனாலும் ஜன்னலோரம் உட்காரமாட்டாய். "எனக்குக் காத்து ஒத்துக்காது, நீயே உக்காரு" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு நடைபாதைப் பக்கம் உட்கார்ந்துகொள்வாய். எனக்கு ஒரே பெருமை. இம்புட்டுப் பிரியம் யாருக்கு யார்மேல் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வசுதா உனக்குப் பிடித்தவள். சின்ன வயதில் யாரோ தூக்கிக்கொண்டு போய் ஒரு கிணற்றடி மோட்டார் அறையில் அடைத்துவைக்க, எப்படியோ தப்பி வந்து, வளர்ந்து துப்பறிகிறவளாக ஆனவள். எந்த அறையில் இருந்தாலும் கதவைச் சாத்தவிடமாட்டாள். ஒவ்வொரு கதையிலும் யார் யாரையோ பிடித்துக் கொடுப்பாள்; தன்னை அடைத்தவன் யார் என்பது மட்டும் தெரியாது. தாய்மாமன்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். நீ அந்தப் பந்தயத்துக்கு மட்டும் வரமாட்டாய். "எவனா வேணும்னாலும் இருக்கட்டும்டி. அவ வெளிய வந்துட்டால்ல, அது போதும்" என்பாய்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடைசிப் புத்தகம் வந்தபோது நான் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் இருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாய். போனில் உன் குரல் தெளிவாகத்தான் இருந்தது. "பேரப்பிள்ளய பாத்துட்டு மெதுவா வா. புஸ்தகம் எங்கயும் ஓடிப் போயிராது" என்றாய். நானும் நம்பி அங்கேயே இருந்துவிட்டேன். நீ போய்விட்டாய் என்று உன் அண்ணன்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வி என்று ஒருத்தி சமயநல்லூரிலிருந்து என் வீட்டைத் தேடி வந்தாள். உனக்கு அடுத்த கட்டிலில் அவளுடைய மாமியார் கிடந்தாராம். கூட இருந்து பார்த்துக்கொண்டவள். என்னைப் பார்த்ததும், "நீங்கதான பஸ்ஸு அக்கா?" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. உன் அண்ணன் கொடுத்தனுப்பினார் என்று இரண்டு பாதிகளையும் நீட்டினாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரையைக் குறைத்துத்தான் போட்டேன்.

"முன்பாதிய நான்தான்க்கா வாசிச்சுக் காட்டினேன். பின்பாதிய நீங்க வந்தப்புறம்தான்னு தலகாணிக்கு அடியில வச்சிருந்தாக. அப்புறம் ஒருநா, 'அவ வர்ற வரைக்கும் இந்த உசுரு தாங்காது போல, நீயே வாசி'ன்னுட்டாக."

நான் கேட்காமலேயே குற்றவாளி யாரென்றும் சொல்லிவிட்டாள். வசுதாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாராம். நீ வராத அந்தப் பந்தயத்தில்கூட நான் தோற்றதை எவளோ ஒருத்தி என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறாள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். "மோட்டார் ரூம் வர்ற எடத்துல அந்த அக்கா ரொம்ப அழுதுட்டாகக்கா" என்று அவள் தொடங்கினாள். உன் புருஷன் வேலைக்குப் போகும்போதெல்லாம் உன்னை உள்ளறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனதை, ஜன்னலுக்கு ஆணி அடித்திருந்ததை, அந்த இருட்டில் நீ என்னவெல்லாம் எண்ணிக்கொண்டு கிடந்தாய் என்பதை, எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாள். அடுத்த கட்டிலுக்கு வந்துபோன ஒருத்தி எனக்குச் சொன்னாள்!

எனக்கு என்னடி தெரியும்? கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை, திரும்பி வந்துவிட்டாள் என்று உன் அண்ணி சொன்னது மட்டும்தான் தெரியும். நீயாகச் சொல்வாய் என்று அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ நடைபாதைப் பக்கத்தை ஒருநாளும் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் என்மேல் இருந்த பிரியம் இல்லை, யாராலும் அடைத்துவைக்க முடியாத இடத்தில் நீ உட்கார வேண்டியிருந்தது என்பதுகூட அவள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லலன்னு அவ ஏதும் சொன்னாளா?"

செல்வி தம்ளரைக் கீழே வைத்தாள். "நானும் கேட்டேன்க்கா. 'அவளுக்குத் தெரிஞ்சா அவ மொகம் மாறிரும். அவ ஒருத்திகிட்டதான் நான் அந்த ரூமுக்குள்ள இருந்தவ இல்ல. அதயும் விட்டுட்டு நான் எங்க போவேன்'னாக."

அழுதேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் சொல்கிறேன், என் பொறாமை அடங்கவில்லை. உன் காரணம் எனக்குப் புரிகிறது. புரிந்தும், உன் அழுகை அவளுக்குப் போய்ச் சேர்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே செல்வி கேட்டாள். "அக்கா நல்லா இருந்தப்ப எப்படிக்கா இருப்பாக? நான் படுக்கையிலதான் பாத்தேன். ஒருதடவகூட அவுக வாய்விட்டுச் சிரிச்சுப் பாத்ததில்ல."

சொல்ல வாயெடுத்தேன். உனக்குச் சிரிப்பு வந்தால் முதலில் சத்தமே இருக்காது. தோள் மட்டும் குலுங்கும். பிறகு மூக்கில் ஒரு சீறல். அடக்க அடக்க அது பெருகி, பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி வெடிக்கும். கண்டக்டர் முறைப்பார். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைப்பாய். என் ஜாக்கெட் கையில் உன் மூச்சுச் சூடு ஏறும்.

"நல்லா இருப்பா" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தாமல் உள்ளே வந்தேன். உன் சிரிப்பை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. யாருக்கும் கொடுக்கமாட்டேன்.