என் பக்கம் தள்ளிய கறி

ஆக்லாந்து,
செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

மஹதி எழுதுகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மற்றபடி நலம். ஃபோனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவீர்கள், அப்பாவும் கேட்பார். அதனால்தான் எழுதிப் படம் எடுத்துத் தங்கை பிரணவியின் ஃபோனுக்கு அனுப்புகிறேன். அவளைப் படிக்க விடாதீர்கள், தெருவுக்கே சொல்லிவிடுவாள்.

நீங்கள் பார்த்த மாப்பிள்ளை வெற்றியை நான் அவமதித்ததாக இங்கே ஹில்ஸ்பரோவில் இருக்கும் அவர் அம்மா அம்புஜம் உங்களிடம் பேசியிருக்கிறார். "பொண்ணு தட்டையே தொடலையாமே, படிச்ச திமிரா?" என்றாராம். தொடாதது உண்மை. திமிர் இல்லை.

சந்திக்க இடம் சொன்னது நான்தான். மவுண்ட் ராஸ்கில்லில் என் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆப்கானியர் கடை. அங்கே நான் போளானி மட்டும்தான் வாங்குவேன். உருளைக்கிழங்கும் வெங்காயத்தாளும் உள்ளே வைத்துச் சுட்ட மெல்லிய ரொட்டி. விரலால் காட்டினால் போதும், பேச வேண்டியதில்லை.

வெற்றி காபுலி புலாவ் சொன்னார். கம்பளம் விரித்த மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். இருவருக்கும் சேர்த்து ஒரே பெரிய தட்டு வந்தது. மேலே கேரட்டும் திராட்சையும், கறி சோற்றுக்கு அடியில். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையாலேயே கறியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார்.

அப்பா சாப்பிட்டு எழுந்த தட்டில் நீங்கள் சோறு போட்டுக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்தேன். நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று கல்லூரிக்குப் போகும் முன்பே நினைத்திருந்தேன். உங்களிடம் சொன்னதில்லை. முதல் நாளே எச்சிலைத் தள்ளுகிறாரே என்று தோன்றியது. வயிறு சரியில்லை என்றேன். அவரும் அதோடு நிறுத்திக் கையைக் கழுவிவிட்டார். எல்லாவற்றையும் கட்டி என்னிடமே கொடுத்தனுப்பினார்.

போன வாரம் போளானி வாங்கப் போனபோது அதே மேடையில் ஓர் ஆப்கானியத் தம்பதி, விருந்தாளியாக ஒரு பெண். கணவர் நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளினார், பிறகு மனைவி பக்கம். கணவர் முன்னால் எலும்பும் வெறும் சோறும்தான் மிஞ்சின. கல்லாவில் இருந்த கடைக்கார அம்மா ஜர்மினாவிடம் முதல்முறையாக வாய் திறந்து விசாரித்தேன். நல்ல துண்டைத் தன் கையால் மற்றவருக்குக் கொடுப்பதுதான் அவர்கள் ஊரில் மரியாதையாம். அன்று வந்த பையனைப் பட்டினி போட்டு அனுப்பிவிட்டாயே என்று சிரித்தார். படிக்கும் காலத்தில் ஆப்கானிய நண்பர்களோடு ஒரே வீட்டில் இருந்ததாக வெற்றி சொல்லத்தான் செய்தார். நான்தான் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு சரியாகக் கேட்கவில்லை.

இதையெல்லாம் அவருக்கு எழுதினேன். "அன்னைக்கு எனக்குச் செம பசிங்க" என்று பதில் வந்தது. சனிக்கிழமை மறுபடி போகிறோம். தனித் தட்டு சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. ஆனால் முடிந்துபோனது என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிடவும் வேண்டாம். அப்பா வேறு ஜாதகம் பார்க்கத் தொடங்கியிருந்தால் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் எனக்கு வேலை அதிகம் என்று சொல்லுங்கள்.

போன முறை அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்; இந்தச் சனிக்கிழமை நான்தான் முதலில் பேச வேண்டும். எனக்குப் பேச்சு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
மஹதி