இரண்டு முறை போட்ட உப்பு

மகனுக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, அதனால் வெறும் மகனுக்கு. நான் நலம், இதை நீ நம்பலாம், டாக்டரே சொன்னது. நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. மற்ற எல்லாவற்றிலும் உன்மேல் எனக்கு வயிறு எரிகிறது. நம் மீன் உருண்டைக் கடையை, மீனுக்கு ஐஸ் கொண்டுவந்து போடும் ஐஸ்காரருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய பத்திரத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன், கையெழுத்து போடவில்லை, போடப்போவதும் இல்லை.

போன வருஷம் ஒன்பது நாள் வந்து தங்கினாய். அந்த ஒன்பது நாளில் மீன் உருண்டையில் உப்பு கரிக்கிறது என்று மூன்று பேர் திருப்பிக் கொடுத்தார்கள், செருப்பு கழன்றது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு சந்தைவரை போய் வந்தேன், இருபது வருஷமாக மீன் போடுகிறவளின் பெயர் வாயில் வரவில்லை. நீ உடனே முடிவு கட்டிவிட்டாய். ஐஸ்காரரிடம், உன் அக்காவிடம், எதிர்க்கடைத் தையல்காரரிடம் எல்லாம் போய், "அம்மாவுக்கு மூளை மழுங்கிப் போச்சு, உப்பையே ரெண்டு தடவ போடுறாங்க, இனிமே அடுப்புப் பக்கம் விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். அதிலிருந்து தையல்காரர் என்னிடம் கைக்குழந்தையைக் கொஞ்சுவது மாதிரி இழுத்து இழுத்துப் பேசுகிறார். உன் அக்கா அடுப்புக்குப் பூட்டு கிடைக்குமா என்று கடைகடையாக விசாரித்தாள். அதைவிடக் கொடுமை, நானே நம்பிவிட்டேன். அடுப்பை அணை, கதவைச் சாத்து என்று சீட்டு எழுதிச் சுவர் முழுக்க ஒட்டினேன். பத்திரம் வந்த அன்று பேனாவைக்கூடத் தேடி எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை கடைப் படியில் மூச்சு வாங்கி விழுந்தேன். அக்கா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவுக்கு உன்னைவிட வயது குறைவு. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், வழவழவென்று சிவந்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சோகை, பி12 சத்து அடிமட்டத்தில். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். விடிந்ததும் ஏரி மீனை அரைப்பேன், உப்பு போட்டுப் பிசைவேன், ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்ப்பேன், பிறகு உருட்டிக் கொதிநீரில் விடுவேன் என்றேன். பச்சையாகவா என்றார். பச்சையாகத்தான், வெந்த பிறகு உப்பு பார்த்து என்ன பிரயோசனம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, மலப் பரிசோதனைக்கு எழுதினார். அதில் முட்டை தெரிந்தது. மீன் நாடாப்புழுவாம். பச்சை மீன் வழியாகக் குடலுக்குள் போய், வருஷக்கணக்கில் உட்கார்ந்து நம் பி12ஐத் தின்னுமாம். நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரியாதாம், எனக்கு நாக்கு எரிச்சல், பாதம் மரத்துப்போவது, மறதி என்று ஒன்று பாக்கி இல்லை. நாக்கு கெட்டதால் உப்பு தெரியவில்லை, தெரியாததால் இன்னொரு கை உப்பு போட்டு இன்னொரு கிள்ளு பச்சையாகத் தின்று பார்த்தேன். புழுவுக்கு நானே பந்தி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வேளை மாத்திரை, வெளியே வந்தது மீன் வெட்டும் பலகையைப்போல் இரண்டு மடங்கு நீளம். உன் அக்கா பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு தொடவில்லை. இப்போது ஊசி போடுகிறார்கள், கால் மரத்தது முழுக்கச் சரியாகுமா என்று இப்போதே சொல்ல முடியாதாம். சீட்டுகளைக் கிழித்துவிட்டேன். ஒரு உருண்டையை முழுதாக வேகவைத்துத்தான் உப்பு பார்க்கிறேன். போன வாரம் மீன்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

வயிற்றில் புழு இருந்தது உனக்குத் தெரியாது, எனக்கே தெரியாது, அதற்காக உன்னைக் குற்றம் சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் தெரு முழுக்க விசாரித்த நீ, என் பக்கத்தில் உட்கார்ந்து "உனக்கு என்னம்மா செய்யுது" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாக்கு எரிகிறது, பாதத்தில் தரை தெரியவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை, முயன்று பார்க்கவும் இல்லை.

பேரனுக்கு என் முத்தம், மருமகள் நீடூழி வாழட்டும். உனக்கும் ஆசீர்வாதம்தான், பெற்றுத் தொலைத்தேனே, வேறு வழியில்லை. ஒன்று மட்டும் மறக்காதே. வந்திருந்த ஒன்பது நாளும் நான் பிசையும்போது என் பக்கத்தில் நின்று நீயும் அரைத்த மீனைக் கிள்ளிக் கிள்ளித் தின்றாய். நாளைக்கே போய் மலப் பரிசோதனை செய்துகொள், முடிவை எனக்கு நேராக எழுது. என் பிள்ளைக்கு என்ன என்று ஊராரிடம் விசாரிக்க எனக்கு வராது.

இப்படிக்கு,
இன்றும் கடை திறந்த
உன் அம்மா