கிணறும் குழந்தையும் ஒரே கேள்வியில்

1986 பெப்ரவரி 10

சுகாதாரப் பரிசோதகர் பயிற்சிக்கு இறுதி வினாத்தாள் எழுதியாயிற்று. அதிபரின் புது ஏற்பாடு: தண்ணீர் தனி, நோய் தனி என்று கேட்காமல் இரண்டையும் ஒரே கேள்வியில் முடிச்சுப் போட வேண்டுமாம். தண்ணீர்ப் பாதி எனக்கு, நோய்ப் பாதி டொக்டர் அடைக்கலநாதனுக்கு. அவரவர் பாதியை அவரவர் எழுதிக் கந்தோரில் கொடுத்தோம், திருத்துவதும் அப்படியே. சேர்த்துக் கேட்கும் கேள்வியைச் சேர்ந்திருந்து எழுத இருவருக்கும் நேரமில்லை.

என் பாதிக்கு ஒரு கிணறு வேண்டியிருந்தது. சுன்னாகத்தில் அண்ணை வீட்டுக் கிணற்றைப் போன மாதம் சோதித்திருந்தேன். சுற்றிவர வெங்காயத் தோட்டம். பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று உப்பு, குடிதண்ணீருக்குரிய எல்லையைத் தாண்டி நின்றது. இந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் அப்படித்தான். அந்த எண்ணையே போட்டேன்.

பெப்ரவரி 16

போன வருஷம் வவுனியாவுக்குப் போன பஸ்ஸில் என் கணவரைச் சுட்டுக் கொன்ற பிறகு அண்ணை வீட்டில்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், படிப்பிக்கப் போகிறேன். ஒன்றும் மனதில் ஏறுவதில்லை.

அண்ணையின் மனைவி, மச்சாள் பராசக்திக்கு நெருப்புக் காய்ச்சல், அதுதான் தைபோயிட்டு, வந்து பால் வற்றிவிட்டது. குழந்தைக்குப் போத்தலில் பால்மா. "தண்ணியை நல்லாக் கொதிக்க வையுங்கோ" என்று நான்தான் சொன்னேன். அவளும் கேத்தல் பாதியாக வற்றும்வரை அடுப்பில் விடுகிறாள்.

பெப்ரவரி 23

குழந்தையின் நிறம் மங்கி வருகிறது. "தேப்பன்ரை நிறம் இப்பதான் வெளிக்கிடுது" என்று மச்சாள் சிரித்தாள். அண்ணை கோபம் வந்தது போல் நடித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 3

பரீட்சை முடிந்தது.

மார்ச் 8

யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் ஷெல் அடி. டொக்டர் தன் வீடு இருக்கும் குருநகரை விட்டு வெளிக்கிட வழியில்லை. அதிபர் அவருடைய விடைக்குறிப்பைக் கையில் தந்து, "ரெண்டு பாதியையும் நீங்களே திருத்துங்கோ, ரீச்சர்" என்றார். சரி என்றேன். எதற்கும் சரிதானே சொல்கிறேன்.

மார்ச் 9

டொக்டரின் பாதியை இன்றுதான் வாசித்தேன். போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தை. காய்ச்சல் இல்லை. உதடும் நகமும் சாம்பல் நீலம். விடை: கிணற்று நைத்திரேற்று குழந்தையின் இரத்தத்தைக் கெடுக்கிறது. தாய்க்கு முதலில் சொல்ல வேண்டியது — கொதிக்க வைத்துப் பயனில்லை, வற்ற வற்ற நஞ்சு கூடும்.

கிணறு எங்கடை. எண்ணும் எங்கடை. குழந்தை?

ஓடிப்போய் உதட்டைப் பார்த்தேன். ஐயோ, உது தேப்பன்ரை நிறமில்லை.

"அண்ணை, கார் பிடியுங்கோ!"

"என்ன தங்கச்சி, காய்ச்சல்கூட இல்லையே?"

"மூச்சு நிண்ட பிறகோ பிடிக்கப் போறியள்?" என்று கத்தினேன்.

மார்ச் 10

ஆஸ்பத்திரி. குழந்தையின் இரத்தம் மண்ணிறமாக வந்தது. ஊசி போட்டிருக்கிறார்கள், பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்த மச்சாள், "நீங்கள்தானே கொதிக்க வைக்கச் சொன்னனீங்கள்" என்றாள். ஓம் என்றேன். அவள் எழும்பிப் போய் மற்றப் பக்கத்து வாங்கில் இருந்தாள்.

மார்ச் 13

உதடு சிவந்துவிட்டது. வீட்டுக்கு விட்டார்கள். தோட்டம் இல்லாத பக்கம் ஒரு கிணற்றைச் சோதித்துச் சொன்னேன். அண்ணை சைக்கிளில் பிளாஸ்ரிக் கான் கட்டி அங்கேயிருந்து தண்ணீர் கொண்டுவருகிறார். பசளையைக் குறைக்கச் சொன்னதற்கு, "வெங்காயத்தை விட்டா என்னத்தைத் தின்னுறது?" என்றார்.

மார்ச் 20

டொக்டர் வந்தார். மாணவர்கள் தண்ணீர்க் கணக்கைச் சரியாகச் செய்திருந்தார்கள். வினாத்தாள் குழந்தைக்கு இருதயக் கோளாறு, நியூமோனியா என்று எழுதியிருந்தார்கள். கிணற்றையும் குழந்தையையும் ஒருவர்கூட இணைக்கவில்லை.

"கேள்வி கஷ்டம். புள்ளியிலை சேர்க்காமல் விட்டிடுவம்" என்றார்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்காலும் சேர்த்து வாசிக்கேல்லை, டொக்டர். பிள்ளையளை என்னெண்டு குறை சொல்லுறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த முறை ஒரே மேசையில் இருந்து எழுதுவதாக முடிவு.

மார்ச் 22

மத்தியானம் மச்சாள் போத்தலைக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். "நீங்களே கரைச்சுக் குடுங்கோ" என்றாள்.

எந்தக் கான் தண்ணீர் என்று இரண்டு தரம் கேட்டேன். பயம். அவர் போனபிறகு ஷெல்லுக்குக்கூட நான் பயந்ததில்லை. இன்று ஒரு போத்தல் பாலுக்குப் பயந்தேன்.

கரைத்துக் கொடுத்தேன். குழந்தை குடித்து முடிக்கும்வரை அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.