மாசானத்தின் கையில் கயிறு

சிசிலி, 9-10-1978

அன்புள்ள புஷ்பவல்லிக்கு,

நானும் உன் தம்பி மாசானமும் சுகமாக இருக்கிறோம். குவார்ட்டர்ஸில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? சின்னவளுக்கு இருமல் நின்றதா? கரித்தூள் பறக்கும்போது ஜன்னலைச் சாத்தி வை.

மீன் குத்தும் போட்டியில் மற்ற நாட்டார் கையில் மீன் சுடும் துப்பாக்கி. நம் இந்திய அணிக்கு மட்டும் நம் ஊர் முத்துக்குளிக்கும் முறைதான்: குத்த மூங்கில் ஈட்டி, மூழ்கக் கல், மேலே வர இடுப்பில் கயிறு. நான் கயிற்றை அசைத்தால் படகிலிருந்து மாசானம் இழுப்பான். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும், அக்காள் தாலிக்காகவாவது கைவிட மாட்டான் என்பார் என் அப்பா.

நேற்றுப் பயிற்சியில் ஒரு வேடிக்கை. மூன்று முறை அசைத்தும் அவன் இழுக்கவில்லை. நான்காவது முறைதான் இழுத்தான். மூக்கில் கொஞ்சம் ரத்தம், வேறொன்றுமில்லை. கேட்டதற்கு, "கவனிக்கலை அத்தான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

போன செவ்வாய் அவன் பெயருக்கு மட்டும் உன் கடிதம் வந்தது. அன்றிலிருந்து அவன் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. என்ன எழுதினாய்? கிளம்புவதற்கு முந்தின நாள் நான் கை நீட்டியதையா? சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்த கோபம் அது. உனக்குக் காது இப்போது கேட்கிறதா?

அவனுக்கு ஒரு தந்தி கொடு. "அத்தானைப் பார்த்துக்கொள்" என்றால் போதும்.

இந்தக் கடிதம் நெய்வேலிக்கு வரவே பத்து நாள் ஆகும். போட்டி இன்று ஒன்பது மணிக்கு.

வாசலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கூப்பிடுகிறான். இத்தனை நாளில் இப்போதுதான் சிரிக்கிறான்.

இசக்கிமுத்து