படுவான் பிரிவுக் கொப்பியில் நான் எழுதிய பொய்

என் தங்கத் தம்பிக்கு,

கண்ணகை அம்மன் உன்னை எந்தக் கரையில் வைத்திருந்தாலும், அங்கே குந்தியிருந்து அக்கா சொல்வதைக் கொஞ்சம் கேள். நான் பேசத் தொடங்கினால் செருப்பைத் தேடுகிறவன் நீ. இனி உன்னால் எழும்பிப் போக முடியாது.

முதலில் நல்ல செய்தி. உன் எல்லே ஆட்டம் திரும்ப வருகிறது. படுவான் பிரிவின் ஐந்து அணியும் வருகின்றன. ஐந்து என்றுதான் எழுதியிருக்கிறேன், பிழையில்லை. நீ போகும்போது நான்கு. ஐந்தாவது வந்த கதையைச் சொல்கிறேன். உன் மகள் துளசி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள்தான் இதற்காக ஓடித்திரிகிறாள். போட்டிக்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம், அதில் பிரிவின் வரலாற்றை மாமி எழுத வேண்டுமாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு வரலாறு எங்கே தெரியும்? உனக்கென்றால் கடிதம் எழுதத் தெரியும். அதனால் இப்படி.

இனிப் பயத்தைச் சொல்கிறேன். ஐந்து அணியின் பெயர்ப் பட்டியலையும் நாளைக்கு இராணுவ முகாமில் கொடுத்தால்தான் மைதானத்துக்கு அனுமதி. பெயர், வயது, வீடு எல்லாம் எழுத வேண்டும். சண்டை முடிந்துவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்கிறாள் துளசி. தாளில் ஏறின பெயருக்கு இந்த ஊரில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் ஒரு தாளில் எழுதியவள்.

பிரிவு தொடங்கின கதை உனக்குத் தெரியும். இதை வாசிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முன்பு வாவியின் இரண்டு கரையாரும் ஒன்றாகத்தான் கடற்கரை மணலில் விளையாடினார்கள். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு நாலு கம்பத்தையும் சுற்றி ஓடிவர வேண்டும். ஓடுகிறவன்மேல் பந்து பட்டால் அவன் வெளியே. கனடாவில் இருக்கிற நம் சின்னையாவின் மகன் எழுதியிருந்தான், அங்கே பேஸ்போல் என்று இதே சாயலில் ஒரு ஆட்டமாம், கிழக்குப் பிரிவு மேற்குப் பிரிவு என்று பிரித்துச் சம்பளம் கொடுத்து ஆடுகிறார்களாம். நாங்கள் பிரிந்த காரணம் வேறு. வாவி கடக்கிற துறையில் இருந்த சோதனைச்சாவடியைப் பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒருநாள் ஆட்டம் பிந்தி, நம் வட்டையடி அணிப் பிள்ளைகள் எல்லாரும் அக்கரையில் அகப்பட்டு, அடுத்த நாள்தான் வீடு வந்தார்கள். தாய்மார் துறையிலேயே நின்று அழுதது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அன்றைக்குத்தான் நீ சொன்னாய்: "இனிக் காணும் அக்கா. கடல் பக்கத்துக்கு எழுவான் பிரிவு, நம்மட வயல் பக்கத்துக்குப் படுவான் பிரிவு. வருசத்தில ஒருக்கா, ரெண்டு பிரிவிலயும் வெண்ட அணிகள் மட்டும் மோதட்டும். ஒரு நாளைக்குப் பயந்தாக் காணும்தானே."

வட்டையடி, குளக்கட்டு, தோணித்துறை, ஆலடி என்று நம் பிரிவுக்கு நாலு அணி. வட்டையடியார் மண்வெட்டி பிடித்த கை. அடி பலம், ஓட்டம் மந்தம். தோணித்துறையார் வலை வீசினவர்கள்; எறிந்தால் ஓடுகிறவன் முதுகில்தான் விழும். ஆலடியார் விளையாடினதைவிடச் சண்டை பிடித்தது கூட. குளக்கட்டார் ஒரு வருசம் ஏறாவூரில் இருந்து ஒரு முஸ்லிம் பிள்ளையை ஆட்டத்துக்கு ஒரு மூட்டை நெல் என்று பேசிக் கூட்டி வந்தார்கள். அந்தப் பிள்ளையின் பெயருக்குக் கீழே 'சம்பள ஆட்டக்காரர்' என்று நீ சிவப்பு மையில் எழுதினாய். அந்தக் கெட்டி மட்டைச் சீ.ஆர். கொப்பிதான் உன் சொத்து. அதில் ஒவ்வொருவரின் பெயர், வயது, அணி. கடைசி நிரலில், யார் எவ்வளவு தூரம் எறிவான் என்று நீயே காலடிக் கவடு வைத்து அளந்து எழுதின எண்.

அந்தக் கடைசி நிரல் வினையாக வரும் என்று உனக்கோ எனக்கோ தெரியுமா?

இறுதி ஆட்டத்துக்கு மைதானம் அளக்க நீ சனிக்கிழமை பின்னேரமே அக்கரைக்குப் போனாய். கொப்பியை என் வீட்டு மேசையில் மறந்துவிட்டாய். ஞாயிறு காலையில் அதைக் கண்டு, "மறதிக்காரன், தலையையும் விட்டிட்டுப் போயிருப்பான்" என்று ஏசினேன். நான் ஏசின அந்த நேரத்திலா கடல் வந்தது? எத்தனை தரம் கேட்டாலும் நீ சொல்லமாட்டாய்.

உன் முப்பத்தோராம் நாள் அன்று கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்து, உன் பெயருக்கு எதிரே 'சுனாமியில் மரணம்' என்று எழுதினேன். அது உண்மை.

கடல் பக்க அணிகளில் மிஞ்சின பிள்ளைகள் நம் பள்ளிக்கூடத்தில் அகதியாகத் தங்கியிருந்தார்கள். சில மாதம் கழித்து அவர்களில் ஒருவன் வந்து மூங்கில் தடி ஒன்று கேட்டான். அப்படித்தான் 'அக்கரை' என்ற ஐந்தாவது அணி வந்தது. அவர்களின் பெயரைக் கொப்பியில் நானே ஏற்றினேன். ஆள் போதாததுக்கு மற்ற நான்கு அணியும் ஆள் கொடுத்தன. அக்கரைப் பிள்ளைகள் வாவிப் பக்கம் முதுகு காட்டி நிற்கமாட்டோம் என்றார்கள். தண்ணீர் பின்னால் இருந்தால் பந்தைப் பார்க்க முடியாதாம். அதனால் கம்பங்களைப் பிடுங்கி, மைதானத்தையே மறுபக்கம் திருப்பி நட்டோம். அதில் ஒரு வருசம்கூட முழுதாக ஆடக் கிடைக்கவில்லை. சண்டை தொடங்கி ஊர் திரும்பவும் கெட்டது. ஆட்டம் நின்றது.

அப்போதுதான் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். நம் ஊர் முகம் இல்லை. யார் அனுப்பினது என்று நானும் கேட்கவில்லை, இன்றைக்கும் எழுதப் போவதில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். தம்பி எல்லே விளையாட்டுக்கு ஒரு கொப்பி வைத்திருந்தாராமே என்று தொடங்கி, ஒருவன் மெதுவாகக் கேட்டான்:

"அம்மா, அதில ஆர் நல்லாத் தூரத்துக்கு எறியிற ஆள்?"

பந்து எறிகிற கையில் எதைக் கொடுத்து எறியச் சொல்வார்கள் என்று சொல்லித்தரவா வேண்டும் தம்பி? கொப்பி எங்கே கிடக்கிறதோ, தேட வேண்டும் என்றேன். நாளைக்கு மத்தியானம் வருகிறோம், தேடி வையுங்கள் என்று போனார்கள். எரித்துவிட்டிருக்கலாம்தான். ஆனால் பள்ளிக்கூடம் போகிற வயதில் துளசி அடுப்படிக் குசினிக்குள் நின்றாள். கொப்பி இல்லை என்றால் அதற்குப் பதில் அவளைக் கேட்பார்களோ என்று பயந்தேன்.

அடுத்த நாள் காலை சாமி விளக்குக்கு முன்னால் கொப்பியை விரித்தேன். முதல் பக்கத்தில் உன் பெயர், எதிரே நான் எழுதின இரண்டு சொல். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பேனையை எடுத்து உனக்குக் கீழே இருந்த பெயருக்கும் அதையே எழுதினேன். அதற்குக் கீழே இருந்ததுக்கும் எழுதினேன். வட்டையடி முடிந்து குளக்கட்டு, குளக்கட்டு முடிந்து தோணித்துறை, அப்படியே கடைசிப் பக்கம் வரைக்கும். வெளியே அந்தப் பிள்ளைகள் வயலுக்குப் போகிற சத்தம் கேட்கக் கேட்க, நான் உள்ளே இருந்து அவர்களைச் சாகடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வந்தார்கள். ஒருவன் தாள் தாளாகப் புரட்டினான். "எல்லாரும் செத்த ஆக்கள்தானே" என்றான். என் தம்பியோடு மைதானம் துப்புரவாக்கப் போனவர்கள் என்றேன். அவன் கொப்பியை இரண்டு கையாலும் மூடித் தந்தான். "என்ட தங்கச்சியும் கடல்லதான் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

பிள்ளைகள் தப்பினார்கள். எனக்குத்தான் பயம் பிடித்தது. உயிரோடு இருக்கிறவனைச் செத்தவன் என்று, அதுவும் சாமி விளக்குக்கு முன்னால், எழுதலாமா? ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பெயர் சொல்லி அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன், இது என் கைப்பிழை, பிள்ளைகளில் கணக்கு வைக்காதே தாயே என்று. ஷெல் விழுந்து ஊரோடு வாவி கடந்து ஓடினபோது, கோயிலுக்குப் படையல் கொண்டுபோகிற மடைப்பெட்டிக்குள், வெற்றிலைக்குக் கீழே கொப்பியை வைத்துக் கொண்டுபோனேன். சாவடியில் பெட்டியைத் திற என்றால் என் மூச்சு நின்றிருக்கும். திறக்கச் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஓட்டத்திலும் அதற்குப் பிந்தின காலத்திலும் மூன்று பேர் இறந்தார்கள். இவர்களைத் தவிர ஆலடி அணியின் ரகு, எல்லாரையும்விடத் தூரம் எறிகிறவன், விட்டுவந்த மாட்டைப் பார்த்துவிட்டு வாறன் என்று போனவன், இன்றைக்கும் வரவில்லை. என் பேனைதான் வழி காட்டியதோ தம்பி? யாரிடம் கேட்பேன்?

அதனால்தான் துளசி கொப்பியைக் கேட்டபோது, இடப்பெயர்வில் போய்விட்டது என்று பொய் சொன்னேன். அவளும் நம்பி, வீடு வீடாகப் பெயர் எழுதத் தொடங்கினாள். போன கிழமை ரகுவின் தாய் பாக்கியம் அக்கா எங்கள் வளவுக்கு வந்து, ஆலடியில் தன் மகனின் பெயரையும் போடச் சொன்னா. வயதை, அவன் போன அன்றைய வயதாகவே சொன்னா. எறி எவ்வளவு என்று துளசி கேட்க, அவவுக்குத் தெரியவில்லை. "அது உங்கட அப்பாட கொப்பியில இருந்திச்சு புள்ள. அதுவும் போயிற்றாமே" என்று சொல்லி என்னைப் பார்த்தா. அன்று இரவே மடைப்பெட்டியைத் திறந்து கொப்பியைத் துளசியின் மடியில் வைத்துவிட்டேன்.

அவள் புரட்டினாள். பிறகு சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. "மாமி, அக்கரை அணி கடலுக்குப் பிறகு வந்த அணி. அவங்களையும் கடல்லயா சாகடிச்சீங்க?" தம்பி, அம்மன் மேல் ஆணை, எனக்கு அது அதுவரைக்கும் உறைக்கவில்லை. கொப்பியைப் புரட்டின அந்த மனிசனுக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை.

நேற்று முன்தினம் கோயில் முன்றலில் எல்லாரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று பயந்துதான் போனேன். ஒருவரும் துப்பவில்லை. அவரவர் பெயருக்கு எதிரே இருந்த சாவை அவரவர் கையாலேயே வெட்டச் சொன்னேன். வட்டையடிக்காரன் ஒருவன் வெட்டிவிட்டு, "நான் செத்தவன் எண்டு முந்தியே சொல்லியிருந்தா, மாமி, இந்தக் கலியாணத்தில இருந்து தப்பியிருப்பன்" என்றான். பெண்சாதி பக்கத்திலேயே நின்று காதைப் பிடித்துத் திருகினாள். இறந்த மூன்று பேருக்கும் 'சுனாமியில்' என்ற சொல்லை மட்டும் வெட்டினோம். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைக் கதைக்க எங்களுக்கு இன்னும் பயம்.

பாக்கியம் அக்கா அங்கே வரவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு நானே போனேன். ரகுவின் வரியைக் காட்டி நடந்ததைச் சொல்லிக் காலில் விழப் போனேன். அவ என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டா. வரியில் விரல் வைத்து, அவன் எறி எவ்வளவு என்று முதலில் கேட்டா. சொன்னேன். அதைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தா. பிறகு எந்த நாள் எழுதினது என்று கேட்டா. இருவர் வந்த அடுத்த நாள் என்றேன்.

"அண்டைக்கு அவன் இஞ்சதான் இருந்து சோறு திண்டவன்," என்றா. "அப்ப இது பொய்தானே. பொய்யாவே இருக்கட்டும்."

வெட்டுங்கள் அக்கா என்று பேனையை நீட்டினேன். அவ வாங்கவில்லை.

"எல்லாரும் தங்கட கையாலதானே வெட்டினாங்கள். அவனும் வந்து வெட்டட்டும்."

மலரில் அந்தச் சொல்லை அச்சடிக்கமாட்டார்கள். ரகுவின் பெயர், அணி, எறி மட்டும் வரும். கொப்பியில் அது வெட்டாமல் கிடக்கிறது. பேனையை நூலால் கொப்பியோடு கட்டி மடைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். படலை திறக்கிற சத்தம் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. முன்பு யாராவது வந்துவிடுவார்களோ என்று பதறினது. இப்போது அவனாக இருக்காதோ என்றும் பதறுகிறது.

நாளைக்குக் கொடுக்கிற பட்டியலில் ஆலடி அணியில் அவன் பெயரும் இருக்கிறது. வேண்டாம் புள்ள, வீண் வில்லங்கம் என்று நான் கெஞ்சினேன். துளசி பிடிவாதமாக எழுதிவிட்டாள், உன் பிள்ளைதானே. அவளைத் தனியே விடமாட்டேன் தம்பி. பயந்து பயந்துதான் போவேன். ஆனால் உனக்கு வாக்குத் தருகிறேன். இந்த ரகு எங்கே என்று அவர்கள் கேட்டால், இந்தத் தரம் பொய் சொல்லமாட்டேன். அதைத்தான் ஐயா நாங்களும் கேட்கிறோம் என்று சொல்வேன்.

படுவான்கரையில் இருந்து,
உன்னை ஏசின வாயோடு இன்னும் இருக்கிற உன் அக்கா,
துளசியின் மாமி